மேற்கே திறந்த இடம்

மாலை வானில் வால் நட்சத்திரம் தெரியும் என்று நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்தால், கடலூர்க்காரர்களின் கால்கள் தாமாகவே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகும். திறந்த வெளி, நல்ல காற்று, எதுவும் மறைக்காத அடிவானம். எல்லாம் சரிதான், திசை மட்டும் தவறு. நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலை வால்வெள்ளியோ மேற்கே, சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று மேலே நிற்கும். சில்வர் பீச்சில் நின்று மேற்கே திரும்பினால் கண்ணில் படுவது நகரம்: மாடிகள், தெருவிளக்குகள், தென்னைகள், செல்போன் கோபுரங்கள். அடிவானத்திலிருந்து முதல் பத்து பாகை அப்படியே போய்விடும். வால்வெள்ளி பெரும்பாலும் அந்தப் பத்து பாகைக்குள்தான் இருக்கும்.

கோழிக்கோட்டுக்காரருக்கும் மங்களூர்க்காரருக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களுடைய கடற்கரை மாலை வால்வெள்ளிக்கென்றே அமைந்தது. சோழமண்டலக் கரையில் பிறந்த நமக்குக் கடல் கொடுத்திருப்பது விடியற்கால வால்வெள்ளியை. மாலை வால்வெள்ளி வேண்டுமென்றால் கடலுக்கு முதுகு காட்டி உள்நாட்டுக்குள் போக வேண்டும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் அண்ணாகிராமம் வட்டாரத்தின் வயல்வெளிகள், தென்பெண்ணைக் கரை, தெற்கே இன்னும் போனால் வீராணம் ஏரிக்கரை. இந்த அத்தியாயம் அந்த இடங்களைப் பற்றியது. கையில் ஒரு சாதாரண பைனாகுலரோடு அங்கே நிற்பவர் என்ன செய்ய வேண்டும், என்ன பார்ப்பார் என்பதைப் பற்றியது.

முதலில், அது ஏன் சூரியனை ஒட்டியே தெரிகிறது? வால்வெள்ளியின் உடல் சில கிலோமீட்டர் அகலமுள்ள, பனியும் தூசியும் கலந்த கட்டி. சூரியனிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும்வரை அது ஓர் இருண்ட பாறைதான், பெரிய தொலைநோக்கிக்கு மட்டுமே அகப்படும். சூரியனை நெருங்க நெருங்க அதன் பனி, நீராக உருகாமல் நேரே ஆவியாகிறது. அந்த ஆவி தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறி, கட்டியைச் சுற்றிப் பல்லாயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மூட்டமாகப் பரவுகிறது. நாம் தலை என்று சொல்வது இந்த மூட்டத்தை. ஆக, வால்வெள்ளி நன்றாக ஒளிரும் நாட்கள் அது சூரியனுக்கு அருகே இருக்கும் நாட்கள். நம் வானத்திலும் அப்போது அது சூரியனுக்கு அருகேதான் தெரியும். சூரியனுக்குக் கொஞ்சம் முன்பு உதிக்கும், அல்லது கொஞ்சம் பின்பு மறையும். நள்ளிரவில் தலைக்கு மேலே பிரகாசமான வால்வெள்ளி தெரிவது மிக அரிது.

2024 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் வந்தது சி/2023 ஏ3 சூச்சின்ஷான்-அட்லஸ். 2023 ஜனவரி 9 அன்று சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் (சீனத்தில் சூச்சின்ஷான்) வானாய்வகம் அதை முதலில் பதிவு செய்தது; பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி தனியாகக் கண்டது. அதனால்தான் இரட்டைப் பெயர். 2024 செப்டம்பர் 27 அன்று அது சூரியனை மிக நெருங்கியது. தூரம் ஏறத்தாழ 5.9 கோடி கிலோமீட்டர், புதன் கோளின் சராசரித் தூரத்துக்குச் சமம். அந்த நாட்களில் அது விடியலுக்கு முன் கிழக்கே தெரிந்தது. அப்போது சில்வர் பீச்தான் சரியான இடம். பிறகு பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே புகுந்து, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மாலை வானத்துக்கு மாறியது. பூமியை மிக நெருங்கியது அக்டோபர் 12 அன்று, சுமார் 7.1 கோடி கிலோமீட்டரில்.

அக்டோபர் 12 அன்று நம் ஊரில் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து அது அடிவானத்திலிருந்து ஒரு கைமுட்டி உயரத்துக்கும் கீழே இருந்தது. கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் வானத்தில் பத்து பாகையை மறைக்கும். குழந்தைக்குக் கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு என்பதால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஏறக்குறையப் பொருந்தும். 15 அன்று அதே நேரத்தில் அது இரண்டு கைமுட்டி உயரம். 20 அன்று மூன்று கைமுட்டிக்கும் மேல். நாள்தோறும் ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஏற ஏற நம்மை விட்டும் சூரியனை விட்டும் விலகியது, ஒளி இறங்கியது. உயரம் கூடும்போது ஒளி குறையும், ஒளி இருக்கும்போது உயரம் இருக்காது. மாலை வால்வெள்ளிகளில் பலவற்றின் கதை இதுதான். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில நாட்களைப் பிடிக்க வேண்டும்.

அந்தச் சில நாட்கள் எப்படி அமைந்தன என்று பாருங்கள். அக்டோபர் 15 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17 அதிகாலையில் சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. அன்றே பௌர்ணமி. வால்வெள்ளி நன்றாக இருந்த வாரத்தில் மேகமும் நிலவும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. உலகம் முழுவதிலிருந்தும் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தபோது கடலூர் மாவட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பௌர்ணமி கழிந்தால் நிலவு நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தாமதித்து உதிக்கும். 20ஆம் தேதிக்குப் பிறகு, இருட்டு முழுதாக விழும் ஏழு மணிக்கும் நிலவு எழும் எட்டே கால் மணிக்கும் நடுவே ஒரு கறுத்த இடைவெளி கிடைத்தது. அடுத்தடுத்த நாட்களில் அது நீண்டது. மழையும் இடைவிடாமல் பெய்வதல்ல. ஐப்பசி மழை விட்ட மாலையில் காற்றிலுள்ள தூசியெல்லாம் கழுவப்பட்டு மேற்கு வானம் பளிச்சென்று இருக்கும். வெறும் கண்ணுக்கு வால்வெள்ளி மங்கிப்போயிருந்தது. பைனாகுலருக்கு அது அப்போதும் அழகான காட்சி.

இந்த ஊர்களின் நிலவாகு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணாகிராமம் வட்டாரத்துக்கு வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இரண்டும் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகின்றன. ஆகவே ஆற்றங்கரையில் நின்று நீர் வரும் திசையைப் பார்த்தால் அது மேற்கு. மணலும் தண்ணீரும் மரங்களை இருபக்கமும் விலக்கி ஒரு நீண்ட சந்து போட்டுக் கொடுத்திருக்கும். கரையில் நில்லுங்கள், ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் மேலே அணை திறந்தால் இருட்டில் தண்ணீர் வருவது தெரியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை எப்படிப் பெருகியது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வயலில் நிற்பதென்றால் எந்த வயல் என்பது முக்கியம். கரும்பு தலைக்கு மேல் வளர்ந்து மேற்கை அடைத்துவிடும். முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் அப்படியே. மல்லாட்டைக் கொல்லையோ, நாற்று நட்ட நெல்வயலோ மேற்கே இருக்கிற வரப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பகலிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது; சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தெற்கு வானத்தில் நெய்வேலியின் வெளிச்சம் ஒரு வெளுத்த கூடாரமாக எழும்பி நிற்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மேற்கும் வடமேற்கும் அந்த அளவுக்குக் கெடவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தில் மாலை வால்வெள்ளிக்கு வீராணத்துக்கு இணையான இடம் இல்லை. நிலம் கிழக்கே சரிவதால் ஏரியின் பெருங்கரையைக் கிழக்குப் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள், வடக்கு தெற்காக ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர் நீளத்துக்கு. சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டைப் பக்கம் போகிற வழியில் எங்கே நின்றாலும் எதிரே மேற்கில் தண்ணீர், அதற்கு மேலே தடையில்லாத வானம். கடல் கிழக்கே இருப்பதால் நமக்குக் கிடைக்காமல் போன மேற்கு நீர்விளிம்பை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பாசனத்துக்காக ஏரி வெட்டிய சோழர்கள் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் இதே கரையில்தான். அந்தக் கதை வானத்திலும் ஒரு தூமகேது உண்டு; அரச குலத்துக்கு ஆகாது என்று அதைப் பார்த்து ஜனங்கள் பேசிக்கொள்வார்கள்.

நேரத்துக்கு வருவோம். பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நமக்கு ஒரு வரம். இங்கே சூரியன் சாய்ந்து சரியாமல் ஏறக்குறைய நேர் கீழே விழுகிறது. அக்டோபர் நடுவில் சூரியன் மறைவது ஐந்து ஐம்பதை ஒட்டி. வானம் முழுதாக இருட்ட எழுபது நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். இதே நாளில் லண்டனில் கிட்டத்தட்ட ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். இதன் மறுபக்கம், வால்வெள்ளியும் நேர் கீழே வேகமாக விழும். சூரியன் மறைந்து நாற்பது நிமிடத்தில் தேட ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன் வானம் மிக வெளிச்சம். மிகத் தாமதித்தால் வால்வெள்ளி அடிவான மங்கலுக்குள் இறங்கிவிடும். அந்த மங்கல் லேசானதல்ல: தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது ஒளி கடக்கும் காற்றின் கனம் ஒன்று என்றால், இருபது பாகை உயரத்தில் அது மூன்று, பத்து பாகையில் ஐந்தரை, ஐந்து பாகையில் பத்து. ஒவ்வொரு பாகை உயரமும் மதிப்புள்ளது. ஏரிக்கரை மேலேறி நிற்பதன் பயன் இதில்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூரியன் முழுதாக மறையும்வரை பைனாகுலரைக் கண்ணருகே கொண்டு போகவே கூடாது. சூரியன் ஒரு நொடி அதற்குள் புகுந்தாலும் பார்வை போய்விடும். பிள்ளைகள் கூட இருந்தால் கருவி பெரியவர் கழுத்தில் தொங்கட்டும்.

கருவி எது? 10×50 அல்லது 7×50 என்று எழுதியிருப்பது போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். வால்வெள்ளிக்குப் பெருக்கம் எதிரி. காரணம், அதன் ஒளி ஒரு புள்ளியில் இல்லை. ஒரு கரண்டிப் பாலை டம்ளர் தண்ணீரில் விட்டால் வெளுப்பு தெரியும். அதே பாலைக் குடத்துத் தண்ணீரில் விட்டால் தெரியவே தெரியாது. பால் அதே அளவுதான். வால்வெள்ளியின் ஒளியையும் அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் அது வானத்தின் வெளுப்போடு கரைந்துவிடும். ஐம்பது மில்லிமீட்டர் கண்ணாடி, இருட்டில் முழுக்க விரிந்த நம் கண்ணின் கருமணியைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் ஒளியைச் சேர்க்கும். பத்து மடங்கு மட்டும் பெருக்கி, ஆறேழு பாகை அகல வானத்தை ஒரே பார்வையில் காட்டும். தேடுகிறவருக்கு இந்த அகலம் வேண்டும். நுட்பமான தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கூட வால்வெள்ளியை முதலில் பைனாகுலரில்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

‘மூன்றாம் எண் ஒளி’ என்று செய்தியில் படித்து, மூன்றாம் எண் விண்மீன் எவ்வளவு தெளிவாகத் தெரியுமோ அவ்வளவு தெளிவாக வால்வெள்ளியும் தெரியும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாறுவதும் இதே காரணத்தால்தான். அந்த எண், பரந்து கிடக்கும் ஒளி முழுவதையும் கூட்டிச் சொல்வது. பரப்பில் பங்கிட்டால் ஒவ்வொரு துளிக்கும் கிடைப்பது கொஞ்சம்தான்.

அந்த எண்ணுக்கே நம்மோடு ஓர் உறவு உண்டு. விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு தரமாகப் பிரிப்பது பழைய கிரேக்க வழக்கம். அதைக் கணிதமாக்கியவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். முதல் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் நடுவே சரியாக நூறு மடங்கு வேறுபாடு, ஆகவே ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856இல் முன்வைத்தார். அவர் 1861இல் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் பொறித்த கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. இன்றிரவு மேகம் வருமா என்று நமக்குச் சொல்லும் அதே வளாகம். போக்சனுக்கும் வால்வெள்ளிக்கும் இன்னொரு கதை உண்டு, பின்னால் வருகிறேன்.

இப்போது கரைக்கு வந்துவிட்டோம், சூரியன் மறைந்துவிட்டது. முதல் வேலை குவியம். ஏதாவது ஒரு பிரகாசமான பொருளைப் பிடித்து, அது கூரிய புள்ளியாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு வலது கண்ணுக்கான வளையத்தைத் தனியாகச் சரிசெய்யுங்கள். நம் இரு கண்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குவியம் சற்றுப் பிசகினாலும் விண்மீன்களெல்லாம் பஞ்சுபோல் விரிந்து, எது வால்வெள்ளி என்று புரியாது. இரண்டாவது, கை. ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். முழங்கையை மோட்டார் கொட்டகைச் சுவரிலோ பைக் சீட்டிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். நடுக்கம் நின்றதும் முன்பு தெரியாத விண்மீன்கள் தெரியத் தொடங்கும். மூன்றாவது, போனை அணைத்துச் சட்டைப்பையில் போடுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரு வாட்ஸ்அப் செய்தி அத்தனையையும் கலைத்துவிடும்.

2024இல் அடையாளம் சுலபமாக அமைந்தது. தென்மேற்கில் தாழ்வாகச் சுக்கிரன், வடமேற்கில் செம்மஞ்சள் நிறத்தில் சுவாதி. அக்டோபர் 12, 13, 14 நாட்களில் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டால் வால்வெள்ளி அந்தக் கோட்டை ஒட்டி இருந்தது. பிறகு நாளுக்கு நாள் அதற்கு மேலே ஏறிப் பாம்பு மண்டலத்துக்குள் போனது. எந்த வால்வெள்ளி வந்தாலும் இப்படி இரண்டு தெரிந்த ஒளிகளைப் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும். ஒன்றிலிருந்து தொடங்கி, மெதுவாகக் கிடைமட்டமாக நகர்த்தி, பார்வைவட்டத்தில் பாதி அளவு மேலேற்றி, மறுபடி திரும்பி வாருங்கள். சந்தேகமாக ஏதாவது பட்டால் நேரே அதை முறைத்துப் பார்க்காதீர்கள். சற்றுத் தள்ளிப் பாருங்கள். கண்ணின் நடுப்பகுதி நிறத்துக்கும் கூர்மைக்கும் ஆனது. மங்கலான ஒளியை உணரும் செல்கள் ஓரத்தில்தான் நிறைய இருக்கின்றன. ஓரக்கண்ணில் அது தானே வளரும், வால் நீளும். பைனாகுலரை விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பதும் பயன்படும். அசையும் மங்கல் ஒளியை மூளை சட்டென்று கண்டுகொள்கிறது.

ஏமாற்றுபவையும் உண்டு. மேற்கே போகும் விமானம் விட்டுச்செல்லும் புகைக்கோடு அந்தி வெளிச்சத்தில் அச்சு அசல் வால்வெள்ளி போலவே இருக்கும். இரண்டு நிமிடம் காத்திருந்தால் நகர்ந்துவிடும். விண்மீன்கள் லட்சக்கணக்கில் நெருங்கியிருக்கும் கோளக் கொத்துகள் நகரவே நகராது, வாலும் இருக்காது. 2024 அக்டோபர் 15 அன்று வால்வெள்ளி எம்5 என்ற கோளக் கொத்துக்குப் பக்கத்தில் போனது. எம்5 என்பதில் உள்ள எம், பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு வானியலாளர் மெசியேவின் பெயர். வால்வெள்ளி வேட்டைக்காரரான அவர், வால்வெள்ளி என்று ஏமாறக்கூடிய மங்கல்களுக்குப் போட்ட பட்டியல் அது. தன் வாழ்நாளில் அவர் கண்டுபிடித்த வால்வெள்ளிகளை இன்று வெகுசிலரே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒதுக்குவதற்காகப் போட்ட பட்டியலைத்தான் உலகம் தினமும் புரட்டுகிறது.

கண்டுபிடித்தாகிவிட்டது. என்ன தெரியும்? நடுவில் ஒரு செறிந்த பொட்டு, சுற்றிலும் மெல்லக் கரையும் மூட்டம், ஒரு பக்கம் மேல்நோக்கி நீளும் வெளிர்ந்த பட்டை. போன் கேமராவில் நீலமும் பச்சையும் வரும். கண்ணுக்கு வெறும் சாம்பல் வெள்ளை. இதில் ஏமாற ஒன்றுமில்லை. கேமரா பல நொடி ஒளியைச் சேர்த்துவைத்துக் காட்டுகிறது. நிறங்கள் உண்மையானவைதான். தலையின் பச்சை, இரண்டு கரி அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு சூரிய ஒளியை வாங்கித் திருப்பி உமிழ்வது. அந்த மூலக்கூறை அதே சூரிய ஒளி விரைவில் உடைத்துவிடுவதால் பச்சை தலையோடு நின்றுவிடுகிறது, வாலுக்குப் போவதில்லை. வாலில் இரண்டு வகை. தூசிவால் அகலமாக, வளைந்து, மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். சூரிய ஒளியின் அழுத்தம் தூசியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வாயுவால் நேராக, மெலிந்து, நீலமாக இருக்கும். மின்னேற்றம் பெற்ற வாயுவைச் சூரியக் காற்று அடித்துச் செல்கிறது. இரண்டுமே சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்பவை. அதனால்தான் மாலையில் நாம் பார்க்கும் வால் மேல்நோக்கி நிற்கிறது: சூரியன் கீழே இருக்கிறது. வால்வெள்ளி சூரியனை விட்டு வெளியே போகும்போது வாலை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கரையிலேயே ஒரு படம் வரைந்து காட்டுங்கள்.

2024இல் எல்லோரையும் வியக்கவைத்தது அதன் ஒளி அக்டோபர் 9ஐ ஒட்டித் திடீரென்று எகிறியது. வால்வெள்ளி அப்போது நமக்கும் சூரியனுக்கும் ஏறக்குறைய நடுவே இருந்தது. நுண்தூசி ஒளியைப் பின்னால் திருப்புவதைவிட முன்னால் அதிகம் சிதறடிக்கும். எதிர்வெயிலில் பார்க்கும்போது வீட்டுத் தூசியெல்லாம் மின்னுவதும் இதனால்தான். ஆனால் சூரியனுக்கு மிக அருகே இருந்ததால் அந்த உச்சத்தை விண்வெளியிலிருந்த சூரிய ஆய்வுக் கலன்கள்தான் நன்றாகக் கண்டன.

ஏரிக்கரையில் பைனாகுலரோடு நின்றால் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஒரு பெரியவர் கருவியை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது நல்லதில்லன்னு சொல்லுவாங்களே தம்பி, ராசாவுக்கு ஆகாதாமே” என்று கேட்டார். பழைய பயம்தான். புறநானூற்று 117ஆம் பாட்டில் கபிலர், சனி புகைந்தாலும் தூமம் தோன்றினாலும் பாரியின் நாட்டில் வயல் விளையும் என்று பாடியது இந்தப் பயத்தை மறுத்துத்தான். பயம் இருந்தால்தானே மறுக்க வேண்டும். 1910இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது பூமி அதன் வாலுக்குள் புகப்போகிறது என்று உலகமே நடுங்கியது. அப்போது இங்கிருந்து ஒரு பேருந்துத் தூரத்தில், புதுச்சேரியில், பாரதியார் இருந்தார். அவர் எழுதிய ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்ற கவிதையில் அது கிழக்கே, வெள்ளிக்குத் துணையாகத் தெரிகிறது. அதன் வால் எண்ணவொண்ணா மென்மையான வாயுவால் ஆனது, ஏழைகளுக்கு இடர் செய்யாமல் போகும் என்று அறிந்தவர்கள் சொல்வதும் அதில் வருகிறது. அறிவியல் சரி, திசையும் சரி. அந்த மே மாதத்தில் 18ஆம் தேதி வரை ஹாலி விடியற்கால வால்வெள்ளி. கடற்கரை ஊரான புதுச்சேரிக்கு அது உரியது. சில நாளில் மாலை வானத்துக்கு மாறி மேற்கே போய்விட்டது. அதே ஹாலி 2061 ஜூலை இறுதியில் மறுபடி சூரியனை நெருங்கும். இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள்.

2025 அக்டோபரில் லெம்மன் வால்வெள்ளி வந்தது. அதே மாதம், அதே மேற்கு. அது பூமியை நெருங்கியது அக்டோபர் 21 அன்று, தீபாவளிக்கு மறுநாள். தூரம் சுமார் 8.9 கோடி கிலோமீட்டர். அமாவாசை என்பதால் நிலவின் தொல்லை இல்லை. ஆனால் அது வடக்கே தள்ளி இருந்ததால் நமக்கு மிகத் தாழ்வு, போதாததற்குப் பட்டாசுப் புகையும் ஐந்து நாள் முன்பே தொடங்கிவிட்ட மழையும். மாத இறுதியில்தான் அது ஒன்றரைக் கைமுட்டி உயரத்துக்கு ஏறியது. வடகிழக்குப் பருவமழைக்கும் மாலை வால்வெள்ளிக்கும் என்ன பகையோ என்று தோன்றும். பகை ஏதுமில்லை, வானம் தன் கணக்கில் நடக்கிறது, காற்று தன் கணக்கில் வீசுகிறது. நமக்குத் தேவை மழை விட்ட மாலையில் வண்டியை எடுக்கத் தயாராக இருப்பது.

போக்சனின் கதை இதோ. பியலா என்ற வால்வெள்ளி ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. 1846இல் வானியலாளர்களின் கண்முன்னே இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரண்டு துண்டுகளும் தள்ளித் தள்ளி வந்தன. அதற்குப் பிறகு காணவே இல்லை. 1872 நவம்பர் 27 இரவு, பியலாவின் பாதையைப் பூமி கடந்தபோது ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்திலிருந்த கிளிங்கர்ஃபூஸ் ஒரு கணக்குப் போட்டார்: இந்த எரிகற்கள் பியலாவின் துகள்கள் என்றால், பூமியைக் கடந்துபோன வால்வெள்ளி எதிர்த்திசையில், தென்வானத்தில் தீட்டா சென்டாரி விண்மீனுக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும். அந்த விண்மீன் ஜெர்மனியின் அடிவானத்தை விட்டு எழுவதே அரிது. சென்னையில் நன்றாக மேலே வரும். மதராஸுக்குத் தந்தி பறந்தது. பியலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடவும் என்பது அதன் சாரம்.

போக்சனுக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். மேகத்தின் நடுவே கிடைத்த சிறு இடைவெளியில், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, சொல்லப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். மறுநாளும் கண்டார், அன்று வாலும் தெரிந்தது. இரண்டு நாளும் அதன் இடத்தை அளந்து குறித்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. ஒரு பொருள் சூரியனைச் சுற்றும் பாதையைக் கணக்கிட மூன்று வெவ்வேறு நேரத்து இடங்கள் வேண்டும். அவரிடம் இருந்தவை இரண்டு. பின்னாளில் கணக்கிட்டவர்கள் அது பியலாவாக இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் போக்சன் பார்த்தது எது? அந்த வால்வெள்ளியை வேறு யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது விடியல் ஒன்று தெளிந்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

ஆகவே கரைக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும், சிவப்புத் தாள் சுற்றிய சிறு டார்ச்சும் எடுத்துப் போங்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது. தேதி, நேரம், இடம் எழுதுங்கள். பார்வைவட்டத்தை ஒரு வட்டமாக வரைந்து, அதற்குள் தெரியும் விண்மீன்களையும் வால்வெள்ளியையும் குறியுங்கள். வால் எந்தப் பக்கம், எத்தனை விரல் நீளம் என்று எழுதுங்கள். நீட்டிய கையில் சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை. ஒளியை மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு: வால்வெள்ளியின் தலையை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டு, பக்கத்து விண்மீன் ஒன்றைப் பிடித்து, அது அதே அளவுக்கு உப்பும்வரை குவியத்தைக் கலையுங்கள். இரண்டில் எது பிரகாசம்? சற்று மேலான ஒரு விண்மீன், சற்றுக் கீழான ஒரு விண்மீன், இரண்டுக்கும் நடுவே வால்வெள்ளி எங்கே என்று பார்த்தால் போக்சனின் அளவுகோலில் ஓர் எண் கிடைத்துவிடும். இப்படி ஆர்வலர்கள் கண்ணால் மதிப்பிட்ட எண்களைப் பன்னாட்டுப் பதிவகங்கள் இன்றும் கேட்டு வாங்கிச் சேர்க்கின்றன.

மறுநாளும் போங்கள். விண்மீன்கள் அதே இடத்தில் இருக்க, வால்வெள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். மேகம் விட்டால் மூன்றாம் நாளும் போய் மூன்று புள்ளிகளையும் ஒரே விண்மீன் வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். அவற்றைச் சேர்க்கும் வளைகோட்டை நீட்டினால் நான்காம் நாள் மாலை எங்கே தேட வேண்டும் என்பதை அதுவே காட்டும்.